12 வோல்ட் அலர்ட் விட்டு விட்டு வருகிறது: பவர் சப்ளையா, போர்டா?

வணக்கம். இரண்டு பவர் சப்ளை உள்ள ரேக் சர்வர். போர்டின் 12 வோல்ட் சென்சார் 11.3க்கு இறங்கியதாக பிஎம்சி (சர்வரைக் கண்காணிக்கும் தனிச் சிப்) லாக்கில் அலர்ட் விழுகிறது (கீழ் எல்லை 11.4), சில நொடிகளில் தானாகவே சரியாகிவிடுகிறது. ரீபூட் எதுவும் ஆகவில்லை.

பவர் சப்ளை யூனிட்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு ஓட்டியும் அதே அலர்ட். ஆகவே யூனிட் மேல் சந்தேகம் குறைவு. முழு லோடில் போர்டு பக்கம் மல்டிமீட்டர் 12.1 காட்டுகிறது; ஆனால் மில்லிசெகண்ட் சரிவெல்லாம் அதில் சிக்காதே!

பவர் சப்ளையிலிருந்து வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டின் கனெக்டரில் தொடர்பு தளர்ந்திருக்குமோ? 50 ஆம்பியரில் 10 மில்லிஓம் கூடினாலே அரை வோல்ட் போய்விடும். அல்லது சென்சாரே தவறாகப் படிக்கிறதா? 5, 3.3 வோல்ட் அளவுகள் ஆடவில்லை.

ஆசிலோஸ்கோப் (வேகமான வோல்ட் மாற்றங்களை வரைந்து காட்டும் கருவி) புரோபை எங்கே வைத்துப் பார்ப்பது நல்லது? பிஎம்சி ஃபர்ம்வேர் மாற்றி இது தீர்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.