ஒரே இடத்தில் நின்றுவிடும் வாட்டர்பரி லாங் வைண்ட் கடிகாரம்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1880களில் செய்யப்பட்ட என் வாட்டர்பரி லாங் வைண்ட் பாக்கெட் கடிகாரம், மூன்று வாரங்களாக, நிமிட முள் 7-ஐ நெருங்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறது. கடிகாரத்தை ஓட்டும் சுமார் ஒன்பது அடி நீள மெயின் ஸ்பிரிங்கும், அதன் விசையைச் சிறுசிறு அளவாக விடுவிக்கும் டூப்ளெக்ஸ் எஸ்கேப்மென்ட்டும் (இருவகைப் பற்கள் கொண்ட எஸ்கேப் சக்கரம் உள்ள அமைப்பு) கொண்ட இதில், இயந்திரம் முழுவதுமே கூட்டுக்குள் மணிக்கு ஒரு முறை சுழன்று, நிமிட முள்ளையும் தன்னோடு கொண்டு செல்கிறது. ஆகவே, நிற்கும் இடம் மாறாதிருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்துப் புதிதாக எண்ணெய் இட்டேன். எஸ்கேப் சக்கரத்தின் இருவகைப் பற்களையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. கூட்டை மெல்லத் தட்டினால் மீண்டும் ஓடி, அடுத்த சுற்றில் அங்கேயே நிற்கிறது. கூட்டின் உட்சுவரில், அந்த இடத்துக்கு நேராக, நகக்கீறல் போன்ற பளபளப்பான கோடு ஒன்று தெரிகிறது. பழுதுபார்ப்பவர்கள் இருவர் இவ்வகையைத் தொடுவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டனர்.

அந்தக் கோடு கூடு நெளிந்து உரசுவதால் வந்ததென்று கொண்டு, நெளிவை முதலில் எடுக்க வேண்டுமா, அல்லது இயந்திரம் சுற்றிவரும் நிலைச்சக்கரத்தின் பற்களைச் சோதிக்க வேண்டுமா?