ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கிரீச் சத்தம்: பிரேக் பேட் முடிந்துவிட்டதா, இன்னும் ஓட்டலாமா?

கடற்காற்று (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016 போலோ விவோ 1.4 கார். இரண்டு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன், இப்போது 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை க்ளூஃபில், ஒரு பள்ளிக்கூடத்தில். அதனால் தினமும் சாயங்காலம் எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் மலை இறக்கத்தில் இறங்கித்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

போன புரட்டாசி சனிக்கிழமை பூஜை முடிந்து அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போதுதான் முதலில் கவனித்தேன், ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நிற்கப் போகும்போது முன்பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம். காலையில் வண்டி எடுத்தவுடனும் ஒரு சத்தம் வரும், ஆனால் அது நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும். இந்தச் சத்தம் போகவில்லை.

பட்டறை ஒன்றில் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றாமலே முன்னால் பேட் (பிரேக் கட்டை), டிஸ்க் (பேட் பிடிக்கிற இரும்பு வட்டு), பின்னால் ஷூ (டிரம்முக்குள் இருக்கிற பிரேக் கட்டை) எல்லாம் மாற்றணும் என்று சொல்லி 6,200 ராண்ட் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரரின் மாமா "அதெல்லாம் தூசி, இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்கிறார். யாரை நம்புவது? நான் கேட்பது, நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? பேட் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்? பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் உட்காருகிறார்கள், அதனால் சும்மா விட மனசு வரவில்லை.

பழைய ஸ்பேனர் (ஃபீனிக்ஸ்)

தங்கச்சி, முப்பது வருடம் பட்டறையில் வேலை செய்தவன் நான், இப்போது ஓய்வு. கேட்டது நல்லதாகப் போயிற்று. மாமா சொல்வதையும் அந்தப் பட்டறை சொன்னதையும் இரண்டையும் தள்ளி வையுங்கள், ஏனென்றால் இரண்டு பேருமே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை.

முதலில் சத்தம். டர்பனில் கடல் ஈரமும் உப்பும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக டிஸ்க் மேல் மெல்லிய துரு பிடிக்கும், காலையில் சில தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும், அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். போகாமல் நிற்கிற சத்தம் வேறு. சில பேடுகளில் ஓரத்தில் ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருப்பார்கள், பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசி மெல்லிய குரலில் கத்தும், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கர் கர் என்று அரைக்கிற சத்தம் வந்தாலோ கதை முடிந்தது, பேடின் பின்பக்க இரும்பே டிஸ்கைச் செதுக்குகிறது, அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த இறக்கத்தில் ஓட்டாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், எல்லா பேடிலும் அந்தத் தகடு இருக்காது, பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேடில் மட்டும்தான் இருக்கும். அதனால் சத்தம் இல்லை என்பதை வைத்து பேட் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. என் பட்டறைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் வந்து, கழற்றிப் பார்த்தால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று இருந்த வண்டிகள் ஏராளம்.

அளவு கேட்டீர்கள். புது பேடில் உரசுகிற பகுதி சுமார் 10லிருந்து 12 மி.மீ. இருக்கும் (பின்னால் ஒட்டியிருக்கிற இரும்புத் தட்டைச் சேர்த்து எண்ணாதீர்கள், நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்). 5 மி.மீ. ஆனால் அடிக்கடி பார்க்க ஆரம்பியுங்கள், 3 மி.மீ. வந்தால் மாற்றிவிடுங்கள். 2க்குக் கீழே போனால் அன்றைக்கே மாற்ற வேண்டும். தேய்ந்த பேடில் சூட்டைத் தாங்க ஒன்றும் மிச்சம் இருக்காது, அந்தச் சூடு நேரே காலிப்பருக்கும் (பேடை டிஸ்கில் அழுத்துகிற பாகம்) பிரேக் ஆயிலுக்கும் போகும், உங்கள் மாதிரி தினமும் மலை இறங்குகிறவர்களுக்கு அதுதான் ஆபத்து.

கிலோமீட்டர் கணக்கை நான் நம்புவதில்லை. என்3 நெடுஞ்சாலையில் நேராக ஓடுகிற வண்டிக்கு 80,000 வரை போன பேடைப் பார்த்திருக்கிறேன், அதே மாடல் வண்டி ஊருக்குள் நிறுத்தி நிறுத்தி ஓடி 30,000த்திலேயே முடிந்ததையும் பார்த்திருக்கிறேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றிப் போடும்போது சக்கரம் எப்படியும் கழறும், அப்போது பார்ப்பதுதான் வசதி. ஈஸ்டருக்கோ டிசம்பர் விடுமுறைக்கோ தூரப் பயணம் போகிறவர்கள் அதற்கு முன்னாலும் ஒரு தடவை பாருங்கள்.

நார்த்டேல்காரன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அக்கா, ஸ்பேனர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், இது எனக்கே நடந்தது. நான் ஒவ்வொரு மாதமும் சக்கரத்தின் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்ப்பேன், பேட் நல்ல தடிமனாகத் தெரியும், திருப்தியாகப் போய்விடுவேன். ஹில்டனிலிருந்து டவுன் ஹில் இறங்கும்போது ஒரு நாள் வண்டி இடப்பக்கம் இழுத்தது, கருகின வாசனை. நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஒரு சக்கரம் மட்டும் பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. அப்புறம் கழற்றிப் பார்த்தபோது வெளிப்பக்கப் பேட் 6 மி.மீ., உள்பக்கப் பேட் காகிதம் மாதிரி.

ஏன் என்றால், நம் மாதிரி சின்ன வண்டிகளில் காலிப்பர் இரண்டு பின்களின் (சின்ன இரும்புக் கம்பிகள்) மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பின்களில் கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ போனால் காலிப்பர் நகராது, பிஸ்டன் (பேடைத் தள்ளுகிற உருளை) இருக்கிற உள்பக்கப் பேடே எல்லா வேலையையும் செய்து தேய்ந்து முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்க்கும்போது நமக்குத் தெரிவது வெளிப்பக்கம் மட்டும். தயவுசெய்து உள்பக்கத்தைப் பாருங்கள், நாலு பேடையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டு சக்கரத்துக்குப் பின்னாலிருந்து போன் டார்ச் அடித்தால் கொஞ்சம் தெரியும், ஆனால் சக்கரத்தைக் கழற்றுவதுதான் நிச்சயம்.

மரியன்ஹில் அம்மா

நான் மெக்கானிக் இல்லை, ஆனால் இருபது வருடமாக அந்தப் பக்கத்து இறக்கங்களில்தான் ஓட்டுகிறேன். பேட் பற்றிப் பேசும்போது எப்படி இறங்குகிறோம் என்பதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 2013 செப்டம்பர் 5ஆம் தேதி ஃபீல்ட்ஸ் ஹில் அடியில், ரிச்மண்ட் ரோடு சந்திப்பில், மேலிருந்து வந்த லாரி நிற்காமல் மினிபஸ் டாக்ஸிகளில் மோதி 24 பேர் இறந்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பைன்டவுனில் இருந்தவள் நான், இன்றைக்கும் அந்தச் சந்திப்பில் நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

கார் லாரி இல்லைதான், ஆனாலும் அஞ்சாம் கியரில் விட்டுவிட்டு மேலிருந்து கீழ்வரை பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் எந்த பேடும் சூடேறும். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே மூன்றாம் கியருக்கு வாருங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாகப் பிடியுங்கள், நடுவில் காற்றுப்பட்டு ஆறட்டும். நான் இப்படி மாற்றிக்கொண்ட பிறகு ஒரு செட் பேட் முன்னைவிட ரொம்ப நாள் வருகிறது.

இன்னொன்று, பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்கிற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், ஈரம் ஏறினபிறகு 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது அதனால்தான்.

பழைய ஸ்பேனர்

அம்மா சொன்னது முழுக்கச் சரி. ஆயில் பற்றி நானும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பேட் தேய்ந்தால் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் ஆயில் டப்பாவில் அளவு மெதுவாகக் குறைந்தால் பேடைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நிறையப் பேர் உடனே ஆயிலை ஊற்றி நிரப்பி, கிடைத்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடுகிறார்கள். பிறகு புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழிந்து பெயிண்டைத் தின்றுவிடும். திடீரென்று குறைந்தால் அது ஒழுக்கு, அப்போது வண்டியை எடுக்கவே வேண்டாம்.

தங்கச்சி, அடுத்த தடவை பட்டறைக்குப் போனால் மூன்று கேளுங்கள். நாலு பேடின் அளவும் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். டிஸ்க் மாற்றணும் என்றால் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். கழற்றின பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஆள் மூன்றுக்கும் சந்தோஷமாகச் சம்மதிப்பார். வாங்கும்போது ரோட்வர்த்தி சர்டிபிகேட் (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்று) இருந்ததே என்று நினைக்க வேண்டாம், அது அன்றைய நிலையைத்தான் சொல்லும். நம் நாட்டில் சொந்தக் காருக்கு வருடா வருடம் சோதனை கிடையாது, கை மாறும்போதுதான். அப்படியானால் நடுவில் பார்ப்பது நாம்தான்.

பேட் எப்போதும் ஜோடியாக, இடது வலது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். விலை குறைந்ததென்று பேர் தெரியாத பேட் வாங்காதீர்கள்.

நார்த்டேல்காரன்

அண்ணா, விலை விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். கம்பெனி முத்திரை போட்ட பெட்டிதான் வேண்டும் என்றில்லை, தெரிந்த பேட் கம்பெனிகள் வெளியில் விற்பதும் நன்றாகத்தான் இருக்கிறது, நான் மூன்று செட் போட்டுவிட்டேன்.

பழைய ஸ்பேனர்

தம்பி, தெரிந்த கம்பெனி என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. நான் சொன்னது பெட்டியில் பேரே இல்லாமல் மார்க்கெட்டில் கிடைக்கிறதே, அதை.

கடற்காற்று

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேறு பட்டறைக்குப் போய், சக்கரத்தைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்றேன். வலது பக்கம் இரண்டு பேடும் 4 மி.மீ. இடது பக்கம் வெளியே 5, உள்ளே 2தான்! அந்தத் தகடு உரசின இடம் பளபளவென்று தெரிந்தது. தம்பி சொன்ன மாதிரியே இடது காலிப்பரின் கீழ்ப் பின் இறுகிப்போயிருந்தது, சுத்தம் செய்து கிரீஸ் போட்டார். டிஸ்கை அளந்து காட்டினார், இன்னும் நிறைய இருக்கிறது, மாற்றத் தேவையில்லை. பின் ஷூவும் பாதிக்கு மேல் இருக்கிறது. முன்னால் இரண்டு பக்கமும் பேட், ஆயில் மாற்றம், அவ்வளவுதான். முதலில் சொன்ன 6,200ல் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வண்டியை எடுப்பதற்கு முன்னால் பெடலை நாலைந்து தடவை அழுத்தி கெட்டியாக்கச் சொன்னார். முதல் அழுத்தில் பெடல் தரைவரை போனது, தெரியாமல் நேராக எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத ரோட்டில் வேகத்தை 60லிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, இருபது தடவைக்கு மேல் பிரேக் பிடித்துப் பிடித்துப் புது பேடைப் பழக்கினேன். இப்போது சத்தமே இல்லை, இறக்கத்தில் மூன்றாம் கியரில்தான் வருகிறேன்.

மாமாவிடம் அந்தப் பழைய உள்பக்கப் பேடைக் காட்டினேன். கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் தன் பக்கியையும் (பிக்கப் வண்டி) பார்க்கணும் என்று அவரே கேட்டார். 1994 வண்டி, பின்னால் டிரம், ரொம்ப வருடமாகத் திறக்கவில்லையாம். வருகிற சனிக்கிழமை என் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து திறக்கப் போகிறார்கள். எதைக் கவனிக்கணும்?

பழைய ஸ்பேனர்

சக்கர நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்த பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்கினால்தான் டிரம் வெளியே வரும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் திறங்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று மறந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முக்கியமானது, உள்ளே இருக்கிற தூளை வாயால் ஊதவோ காற்றுக் குழாய் வைத்து அடிக்கவோ கூடாது. நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸை நம் நாட்டில் தடை செய்தது 2008ல்தான், அந்த வயசு வண்டியில் பழைய ஷூ இன்னும் இருந்தால் அதில் இருக்க வாய்ப்புண்டு. நன்றாக நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். பிள்ளைகள் அன்றைக்குப் பக்கத்தில் வர வேண்டாம். திறந்ததும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.