கென்னடி ஜெயித்த தொகுதி 1993இல் செத்துவிட்டதா?

ஏடு_புரட்டி

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 11ஆவது காங்கிரஸ் தொகுதி இப்போது இல்லை. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு இருந்த 11 இடங்கள் 10 ஆகின. 1993 ஜனவரியோடு 11 காலி.

அது லேசுப்பட்ட தொகுதியா? அதிபர் பதவியைப் பறிகொடுத்து ஊர் திரும்பிய ஜான் குவின்சி ஆடம்ஸ், 1831இல் வெறும் சபை உறுப்பினராக வாஷிங்டனுக்கு மறுபடி வந்தது 11 வழியாக. ஜான் கென்னடி 29 வயதில், 1947இல், முதன்முதலில் சபைக்குள் நுழைந்ததும் 11 வழியாகத்தான். 1952இல் அவர் செனட்டுக்குப் போட்டியிடப் போனபோது அந்த இடத்துக்கு வந்தவர் டிப் ஓ'நீல்; பின்னாளில் பத்தாண்டு சபாநாயகராக இருந்தவர். இரண்டு அதிபர்கள், ஒரு சபாநாயகர்!

ஒரு இடம் குறைய வேண்டும் என்றால் வேறு எண்ணை எடுத்திருக்கலாம். இவ்வளவு சரித்திரம் உள்ளதைக் கலைத்தது தவறு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தெருமுனை

அண்ணே, வேறு யாருடைய கருமாதியிலோ உட்கார்ந்து அழுகிறீர்கள். கென்னடியின் தொகுதி 1993இல் சாகவே இல்லை.

1946இல் 11 என்றால் கிழக்கு பாஸ்டன், நார்த் எண்ட், வெஸ்ட் எண்ட், சார்ல்ஸ்டவுன், பிரைட்டன், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேம்பிரிட்ஜ், சாமர்வில்லில் ஒரு துண்டு. துறைமுகத் தொழிலாளிகள், ஐரிஷ் குடும்பங்கள், இத்தாலியக் குடும்பங்கள், இவர்களுக்கு நடுவில் ஹார்வர்டு. 1960 கணக்கெடுப்பில் மாநிலம் 14 இடங்களிலிருந்து 12க்கு இறங்கியது. 1963இல் புதுக் கோடுகள் நடைமுறைக்கு வந்தபோது ஓ'நீலின் இடம் 8 ஆனது. அதுவரை 13ஆவது தொகுதியில் இருந்த ஜேம்ஸ் பர்க்குக்கு 11 என்ற எண் போய்ச் சேர்ந்தது. 1993இல் கலைந்தது அந்த வழி வந்த தொகுதி: பாஸ்டனின் டார்செஸ்டர் பக்கம், தெற்கே குவின்சி, பிராக்டன். கென்னடி 1946இல் ஓட்டுக் கேட்டு ஏறி இறங்கிய ஊர்கள் இவை அல்ல.

ஓ'நீல் 1987 வரை 8இல் இருந்தார். அப்புறம் கென்னடியின் தம்பி ராபர்ட்டின் மூத்த மகன் ஜோசப், அவருக்குப் பின் மைக் கபுவானோ. 2013இல் மறுபடி எண் மாறி 7. 2018 உட்கட்சித் தேர்தலில் கபுவானோவைத் தோற்கடித்தவர் அயானா பிரெஸ்லி. கென்னடியின் நாற்காலி எங்கே என்று கேட்டால் அவரைக் காட்ட வேண்டும். 1993இல் கழன்றது வாசலில் அடித்திருந்த எண் தகடு மட்டும்.

ஏடு_புரட்டி

தகடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். சபையின் உறுப்பினர் பதிவில் எண்தான் இருக்கிறது. தெருக்களை வைத்து யாரும் பதிவு எழுதுவதில்லை.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். "அதே ஊர், அதே ஜனம்" என்கிறீர்கள். கென்னடிக்கு ஓட்டுப் போட்ட வெஸ்ட் எண்ட் எங்கே? 1950களின் கடைசியில் நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் அந்தப் பேட்டையையே புல்டோசர் விட்டுத் தள்ளினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிதறின. அதில் ஒரு குடும்பம் தெற்கே குவின்சிக்குக் குடிபோய்ப் பர்க்குக்கு ஓட்டுப் போட்டிருந்தால் அவர்கள் உங்கள் கணக்கில் எந்தத் தொகுதி? நிலத்தைப் பிடித்துக்கொண்டால் ஆள் நழுவுகிறான். ஆளைப் பிடித்தால் நிலம் நழுவுகிறது. எண்ணாவது நின்ற இடத்தில் நிற்கிறது.

கணக்குப்பிள்ளை

நிற்கிறதா? 11 என்ற எண்ணுக்கு 1993இல் வந்தது மூன்றாவது சாவு.

1843இல் மாநிலத்தின் இடங்கள் 12இலிருந்து 10 ஆயின, 11 போயிற்று. 1853இல் 11 இடங்கள், திரும்பி வந்தது. 1863இல் 10, மறுபடி போயிற்று. 1873இல் மறுபடி 11, மறுபடி வந்தது. அதற்குப் பிறகு இடங்கள் ஏறிக்கொண்டே போய் 1913இல் 16ஐத் தொட்டதால் 11 நடுவில் பத்திரமாக இருந்தது. பிறகு இறக்கம்: 15, 14, 12, 11, 10. இப்போது 9. பேருந்துப் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி, கூட்டம் குறைத்தால் முதலில் இறங்குவது கடைசி எண்.

அதனால் "வேறு எண்ணை எடுத்திருக்கலாம்" என்பது நிற்காது. பத்து இடம் என்றால் எண் 1 முதல் 10 வரை. எந்த ஊரைக் கலைத்தாலும் காணாமல் போவது 11தான்.

இன்னொன்று. ஹென்றி டாஸ் என்பவர் 1857 முதல் 1863 வரை 11ஆவது தொகுதி உறுப்பினர். 1863 முதல் 1873 வரை 10. 1873 முதல் 1875 வரை திரும்பவும் 11. ஆள் மாநிலத்தின் மேற்குக் கோடியில் பெர்க்‌ஷயர் மலைப் பகுதியை விட்டு அசையவில்லை. பாஸ்டனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கென்னடியின் 11க்கும் இதற்கும் என்ன உறவு? பிற்பாடு செனட்டரானபோது, பூர்வகுடிகளின் பொது நிலங்களைத் தனித்தனித் துண்டாக்கிய 1887ஆம் ஆண்டுச் சட்டம் இவர் பெயரில்தான் வழங்குகிறது. பெருமைப் பட்டியலில் இவரை விட்டது மறதியா, வசதியா?

ஏடு_புரட்டி

வசதி. ஒப்புக்கொள்கிறேன். எண்ணைப் பற்றிச் சொன்னதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

வெள்ளைக்காக்கை

நிலம், ஆள், எண் என்று நீங்கள் மூவரும் தத்துவம் பேசுங்கள். 1946இல் அந்தத் தொகுதியை வாங்கியது பணம்.

கென்னடி குடும்பம் 1927இலேயே நியூயார்க் பக்கம் போய்விட்டது. பையனுக்கு அப்போது பத்து வயது. தேர்தலுக்கென்று வந்து ஓட்டலில் தங்கி, பிறகு பவுடன் தெரு 122இல் ஒரு அடுக்ககத்தை முகவரியாகக் காட்டினார்கள். இடத்தைக் காலி செய்தவர் ஜேம்ஸ் மைக்கேல் கர்லி. 1945 நவம்பரில் பாஸ்டன் மேயர் தேர்தலில் ஜெயித்தவர். 1947இல் தபால் மோசடி வழக்கில் மேயராக இருந்தபடியே சிறைக்குப் போய், அதிபர் ட்ரூமன் தண்டனையைக் குறைத்ததும் ஐந்தே மாதத்தில் வெளியே வந்து அதே பதவியில் உட்கார்ந்தவர். இப்பேர்ப்பட்ட மனிதர் சபை இடத்தை விட்டதற்குப் பின்னால் கென்னடியின் அப்பா பணம் இருந்தது என்று பேச்சு உண்டு. பேச்சுதான், ரசீது இல்லை.

ஆனால் வேட்பாளர் பட்டியல் பேச்சு இல்லை. ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பத்துப் பேர். அதில் இரண்டு பேருக்குப் பெயர் ஜோசப் ரூசோ. ஒருவர் இத்தாலிய ஓட்டுகளைக் கையில் வைத்திருந்த பாஸ்டன் நகரமன்ற உறுப்பினர். இன்னொரு ரூசோ எங்கிருந்து முளைத்தார் என்று அன்றைக்கே சிரித்தார்கள்.

தெருமுனை

காக்கை, பணம் புழங்கவில்லை என்று யாராவது சொன்னோமா? அதற்காகத் தொகுதியை விலைக்கு வாங்கிய மனை மாதிரி பேசுவது சரியில்லை. கென்னடியின் அப்பா பிறந்தது கிழக்கு பாஸ்டனில், அம்மா பிறந்தது நார்த் எண்டில். தாய்வழித் தாத்தா ஜான் ஃபிட்ஜெரால்டு பாஸ்டன் மேயராகவும் சபை உறுப்பினராகவும் இருந்தவர். அந்தத் தெருக்களில் பையனை விடத் தாத்தாவைத்தான் முதலில் தெரியும். சட்டப்படி பார்த்தாலும், அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்றுதான் அமெரிக்க அரசமைப்பு கேட்கிறது. அந்தத் தொகுதியிலேயே வசிக்கச் சொல்லவில்லை.

பணம் மட்டும் போதும் என்றால் தேர்தலுக்கு முந்தைய நாள் சார்ல்ஸ்டவுன் பங்கர் ஹில் ஊர்வலத்தில் நோயாளி உடம்போடு முழுதும் நடந்து, முடிவில் மயங்கி விழுந்திருக்க வேண்டாம். கென்னடிக்குச் சுமார் 22 ஆயிரம் ஓட்டு. அடுத்து வந்த கேம்பிரிட்ஜ்காரர் மைக் நெவிலுக்கு 11 ஆயிரத்துச் சொச்சம்.

நெவிலுக்காக அன்று வேலை பார்த்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? டிப் ஓ'நீல்! கென்னடியின் வாரிசு என்று நாம் சொல்லும் அதே ஆள். வடக்கு கேம்பிரிட்ஜ்காரர், தன் ஊர்க்காரருக்குத்தான் நின்றார். 1952இல் தானே நின்றபோது உட்கட்சிப் போட்டியில் எதிரே வந்தவர் கிழக்கு பாஸ்டனின் இத்தாலியரான மைக்கேல் லோப்ரெஸ்டி. ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் பிரச்சாரமே. பணக்காரன் மகன் ஒரு தடவை ஜெயித்தான் என்பதற்காக அந்தப் பேட்டைச் சண்டைகள் எங்கேயும் போய்விடவில்லை.

வெள்ளைக்காக்கை

தாத்தா வீடு ஊரில் இருந்தால் பேரனும் ஊர்க்காரன் ஆகிவிடுவான், சரி. இரண்டாவது ரூசோவுக்கு என்ன பதில்?

தெருமுனை

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் வித்தியாசம் 11 ஆயிரம் ஓட்டு. எத்தனை ரூசோ வேண்டும்?

நெறியாளர்

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். இந்தியத் தொகுதி மறுவரையறைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே மாசசூசெட்ஸ் மட்டும்.

ஏடு_புரட்டி

தெருமுனைக்கு ஒரு கேள்வி. "கென்னடியின் நாற்காலி" என்று ஒரு கோடு இழுத்து ஓ'நீல், ஜோசப், கபுவானோ, பிரெஸ்லி என்று கொண்டுபோனீர்கள். புகழ் உள்ளவர்களைக் கோத்தால் மாலை அழகாகத்தான் இருக்கும். கோடு தொடாதவர்கள் என்ன ஆவார்கள்?

ஜார்ஜ் ஹோல்டன் டிங்கம், 1915 முதல் 1933 வரை 11ஆவது தொகுதி. பாஸ்டன் குடியரசுக் கட்சிக்காரர், தாடி, ஆப்பிரிக்க வேட்டை, மதுவிலக்கின் எதிரி. கறுப்பர்களை ஓட்டுப் போட விடாத தென் மாநிலங்களுக்கு அரசமைப்பின் 14ஆவது திருத்தத்தின்படி சபை இடங்களைக் குறையுங்கள் என்று 1920களில் விடாமல் கேட்டவர். 1920 கணக்கெடுப்பை வைத்து இடங்களைப் பிரிக்காமலே காங்கிரஸ் பத்து வருடம் இழுத்தடித்த காலம் அது. இவர் எந்த நாற்காலியின் முன்னோர்? பர்க் யாருடைய முன்னோர்? மாநிலத்தின் காலணித் தொழில் இறக்குமதியில் நசிந்தபோது, 1970களின் தொடக்கத்தில் இந்தியானா செனட்டர் ஹார்ட்கியுடன் சேர்ந்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கேட்டு மசோதா கொண்டுவந்தார்; நிறைவேறவில்லை. அவரை இன்று யார் பேசுகிறார்கள்? எண்ணை விட்டுவிட்டு நாற்காலியைப் பின்தொடர்ந்தால் இவர்களெல்லாம் அநாதைகள்.

கணக்குப்பிள்ளை

இது நியாயமான கேள்வி. கடைசி ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிரையன் டானலி, 1979 முதல் 1993 வரை. 1986 குடியேற்றச் சட்டத்தில் இவர் முயற்சியால் நுழைந்த சின்னப் பிரிவுதான் "டானலி விசா". முந்தைய சட்டத்தால் வழி அடைபட்டதாகக் கருதப்பட்ட நாடுகளுக்கு ஆண்டுக்கு 5,000 விசா. விண்ணப்பத்தைத் தபாலில் போட வேண்டும், முதலில் வருகிற கடிதத்துக்கு முன்னுரிமை. பெரும் பங்கு அயர்லாந்துக்காரர்களுக்குப் போனது. டார்செஸ்டரில் அவர்களுடைய சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் காரணம் புரியும்.

வெள்ளவத்தை_வாசி

இதை இப்போதுதான் அறிகிறேன். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பச்சை அட்டைக் குலுக்கலுக்கு இந்த டானலி விசா ஒரு முன்னோடி, அப்படித்தானே? இலங்கையில் வருடா வருடம் அதற்கு விண்ணப்பம் போடாத வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு. எனக்கு ஒருமுறையும் விழவில்லை. அந்தக் குலுக்கலுக்கும், இல்லாமல் போன ஒரு பாஸ்டன் தொகுதிக்கும் தொடர்பு இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

தெருமுனை

ஏடு அண்ணே, அநாதைகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பர்க்கையும் டானலியையும் நான் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவர்களை நினைவில் வைக்க எண் எதற்கு? ஊர் இருக்கிறதே. நான் குவின்சியில் எட்டு வருடம் குடியிருந்தேன். ஆடம்ஸின் வீடு, அவருடைய கல்லறை உள்ள தேவாலயம், இரண்டும் நடந்து போகிற தூரம்.

அந்த ஊரை மட்டும் பிடித்துக்கொண்டு பாருங்கள். 1831இல் ஆடம்ஸ் 11. அடுத்த தடவை வரையறுத்தபோது அவரே 12, 1843 முதல் 8. 1848 பிப்ரவரியில் சபைக்குள்ளேயே சாய்ந்து, இரண்டு நாள் கழித்து அந்தக் கட்டடத்திலேயே இறந்தபோது அவர் 8ஆவது தொகுதி உறுப்பினர். பர்க், டானலி காலத்தில் குவின்சி மறுபடி 11. 1993இல் 10. அந்த 10உம் 2013இல் போய்விட்டது.

ஏடு_புரட்டி

இப்போது குவின்சி எது?

தெருமுனை

8.

ஏடு_புரட்டி

ஆடம்ஸ் செத்தபோது இருந்த எண்! ஓ'நீலுக்கு 1963இல் கிடைத்த எண்ணும் அதுவேதான். எண்ணுக்கு அர்த்தமில்லை என்று இனி யாராவது சொல்லட்டும்.

கணக்குப்பிள்ளை

தற்செயல்.

வெள்ளைக்காக்கை

ரூசோவைப் போல.