மாசி வெயிலில் பெட்டூனியா மஞ்சளாகிறது, சாமந்தி காய்கிறது: எதை வெட்டுவது, எதை விடுவது?

பால்கனிப்பூ (கேள்வி):
குளிர்காலம் முழுக்க நல்லா பூத்த தொட்டிச் செடிகள் வெயில் ஏறினதும் ஒவ்வொண்ணா மக்கர் பண்ணுது.

பெட்டூனியா: நுனியில வர்ற புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தண்டு நீண்டு தொங்குது. பூ சின்னதா, நுனியில மட்டும்தான்.
சாமந்தி: பூத்து முடிஞ்சு மேல்பகுதி காய்ஞ்சிருச்சு. அடியில சின்னக் கன்றுகள் வருது.
டேலியா: கீழ் இலை மஞ்சளாகி உதிருது. மேல் இலைகள்ல ஊசி குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள்.

எல்லாமே 10 அங்குல கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. செம்மண், தேங்காய்நார்த் தூள், மண்புழு உரம் சம அளவு. போர் தண்ணி, தொட்டி விளிம்புல வெள்ளையா உப்பு படியுது. 15 நாளைக்கு ஒரு தடவை ஒரு டீஸ்பூன் டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள குருணை உரம்). உரத்தைக் கூட்டணுமா, இல்ல எல்லாத்தையும் பிடுங்கிட்டு வெயில் தாங்குற செடி வைக்கணுமா?

இலைச்சருகு:
மஞ்சளுக்கு எப்சம் உப்பு தெளிங்க. ஒரு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்.

நாற்றங்கால்:
இங்கே எப்சம் உப்பு உதவாது. மக்னீசியம் குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த கீழ் இலை. செடி அதைப் பழைய இலையிலிருந்து உருவித் துளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச் சத்தை அப்படி நகர்த்த முடியாது. அதனால் இரும்புக் குறை எப்போதும் துளிரில்தான் தெரியும். நீங்கள் சொல்லும் "புது இலை மஞ்சள், நரம்பு பச்சை" அதுதான்.

மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. பெட்டூனியா வேருக்கு மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6 வரை இருக்க வேண்டும்; 6.5 தாண்டினாலே இரும்பை எடுக்கத் திணறும். விளிம்பில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர், ஊற்ற ஊற்ற மண்ணின் பிஎச்சை ஏற்றிக்கொண்டே போகும். அதற்கு மேல் டிஏபி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 46 சதவீதம் பாஸ்பேட். அது தொட்டியில் சேரச் சேர இருக்கிற இரும்பையும் கட்டிப்போடும். ஆகவே டிஏபியை இன்றே நிறுத்துங்கள்.

முதலில் மண்ணைக் கழுவ வேண்டும். தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடிய விடுங்கள். மழைநீர் சேமிப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மறுநாள் மாலை இரும்புச் செலேட், அதாவது மண்ணில் கட்டுப்படாமல் வேருக்குக் கிடைக்கும்படி செய்த இரும்பு உரம். கடையில் பரவலாகக் கிடைப்பது ஈடிடிஏ வகை, பிஎச் 6.5 தாண்டிய மண்ணில் அது நிலைக்காது. இடிடிஎச்ஏ என்று அச்சிட்ட வகையைக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது தொட்டிக்கு அரை லிட்டர் வேரில் ஊற்றுங்கள். இலையில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள், கறை விழும். பலன் அடுத்து வரும் துளிரில்தான் தெரியும். முற்றிலும் வெளுத்த இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

பூவாளி:
நீண்டு தொங்குவதற்கு வெட்டுதான் வைத்தியம். ஆனால் எல்லாத் தண்டையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் வெயிலில் செடி மீளாது. பாதித் தண்டுகளை இப்போது வெட்டுங்கள், மீதியைப் பத்து நாள் கழித்து. ஒவ்வொரு தண்டிலும் பச்சை இலையுள்ள மூன்று நான்கு கணுக்கள் மிஞ்ச வேண்டும். இலையே இல்லாத வெறும் தண்டில் துளிர் வருவது சந்தேகம். துளிர் தெரிந்த பிறகு 19-19-19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) லிட்டருக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை. அதற்கு முன் எதுவும் வேண்டாம்.

இவ்வளவு செய்தாலும் இன்னொரு சுற்றுப் பூதான் கிடைக்கும். பகல் 35 டிகிரி தாண்டி இரவும் குளிராத நிலை வந்தால் பெட்டூனியாவை இழுத்துப் பிடிப்பது வீண் வேலை. விதை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தால், கலப்பின ரகமாக இருந்தால் அதே பூ வராது.

சாமந்தி வேறு கதை, அதைப் பிடுங்கவே கூடாது. காய்ந்த தண்டைத் தரையிலிருந்து 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள். அடியில் வரும் கன்றுகள்தான் அடுத்த வருடச் செடி. கோடை முழுக்க அரை நிழலில், உரம் குறைத்து, ஈரம் காயாமல், தேங்காமல் வைத்திருந்தால் போதும். வெயில் தணிந்ததும் 6 செ.மீ. நுனித் துண்டுகளை ஆற்றுமணலில் ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். ஒரு விஷயம்: நீண்ட இரவு இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். விடிய விடிய எரியும் விளக்குக்கு அடியில் வைத்தால் இலைதான் வளரும்.

பால்கனிப்பூ:
பிஎச் பார்க்கிற காகிதப் பட்டையில பார்த்தேன், தண்ணி பிஎச் 8 காட்டுது. டேலியா இலைக்கு அடியில மெல்லிசா நூலாம்படை.

நாற்றங்கால்:
தண்ணீருக்கு சிட்ரிக் அமிலம், 10 லிட்டருக்கு 2 கிராமில் தொடங்குங்கள். கலக்கி, பட்டையில் 6 முதல் 6.5 வருகிறதா பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். இது பெட்டூனியாவுக்கு மட்டும் போதும்.

டேலியாவில் இருப்பது செஞ்சிலந்தி. வெள்ளைத் தாளில் இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகளாகத் தெரியும். வறண்ட வெப்பத்தில் வேகமாகப் பெருகும். முதலில் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதிப் பேர் அதிலேயே போய்விடும். பிறகு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 2 மி.லி., வெயில் இறங்கியதும். முட்டைக்கு அது சரியாக வேலை செய்யாது என்பதால் ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

பூ முடிந்த டேலியாவில் கீழ் இலை உதிர்வது இயல்பு. தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்து, தண்டு காய்ந்ததும் 15 செ.மீ. விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த மணலில் புதைத்து வையுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு கிழங்கோடும் பழைய தண்டின் அடித்துண்டு ஒட்டியிருக்க வேண்டும். முளைக்கண் அங்கேதான், வெறும் கிழங்கு முளைக்காது.

பூவாளி:
காலியாகும் தொட்டிகளுக்கு: ஜினியாவை நேராகத் தொட்டியிலேயே அரை செ.மீ. ஆழத்தில் விதையுங்கள், வேர் தொந்தரவு அதற்குப் பிடிக்காது. நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். வாடாமல்லி விதையை இரவு ஊறவைத்து விதைக்கலாம். நித்தியகல்யாணி விதை இருட்டில்தான் முளைக்கும், மண்ணால் நன்றாக மூடுங்கள். வளர்ந்தபின் ஈரம் தேங்கினால் வேரழுகிப் போகும். டேபிள் ரோஸுக்கு 5 செ.மீ. தண்டுத் துண்டு போதும், ஆனால் நேர்வெயில் இல்லாவிட்டால் பூ விரியாது.

கறுப்புத் தொட்டியின் வெயில் படும் பக்கம் வேரை வேகவைத்துவிடும். பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், அல்லது அந்தப் பக்கத்தை வெள்ளைத் துணியால் சுற்றுங்கள். மதியம் வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அது வெறும் வெப்ப வாட்டம், மாலையில் நிமிரும்.

பால்கனிப்பூ:
ஜினியா இலையில வெள்ளை மாவு மாதிரி வருமே, அதுக்கு?

நாற்றங்கால்:
சாம்பல் நோய். செடிக்குச் செடி 25 செ.மீ. இடைவெளி விடுங்கள், காற்று ஓட வேண்டும். முதல் புள்ளி தெரிந்ததும் அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் தெளியுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்த செடியென்றால் இரண்டு வாரம் கழித்துத்தான் கந்தகம்.