கசூரினாவில நீந்தினியளா, நடந்தனியளா?

கொக்குவிலான்:

காரைநகர் கசூரினாக் கடற்கரையில நடந்த குட்டி ட்ரையத்லனில நானும் நிண்டனான். 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். 'ஸ்பிரிண்ட்' எண்டு சொல்லுற அளவு. 2000 ஆம் ஆண்டு சிட்னியில ஒலிம்பிக்குக்குள்ள சேர்த்தது இதின்ர இரட்டிப்பை. போன ஆக்கள் எல்லாரிட்டயும் ஒவ்வொரு கதை இருக்கும், கீழ எழுதுங்கோ. என்ர கதையை முதல் சொல்லிவிடுறன்.

விடிய ஐஞ்சரைக்கு வரிசையில நிண்டு சைக்கிளைக் காட்டித்தான் உள்ள போகவேணும். பிரேக் பிடிக்குதோ, கைபிடி நுனி ரெண்டும் அடைச்சிருக்கோ எண்டு பார்ப்பினம். குழாய் திறந்து கிடந்தா விழேக்க வயித்தில குத்தி வட்டமா வெட்டிப்போடும், அதாலதான் அந்தக் கண்டிப்பு. எனக்கு முன்னால நிண்ட பெடியன் பழைய லுமாலாச் சைக்கிளோட வந்தவன், கரியர்கூடக் கழட்டேல்ல. ஒரு பக்க ரப்பர் கிழிஞ்சு குழாய் வாய் தெரிஞ்சுது. சோதிக்கிறவர் தலையை ஆட்ட, பெடியன் ஆரிட்டயோ ஒரு சோடாப் போத்தல் மூடி வாங்கி வைச்சு, கறுப்பு ரேப்பை நாலு சுத்துச் சுத்தி, பல்லாலேயே கடிச்சு அறுத்து அமத்திப்போட்டு நிமிர்ந்து பார்த்தான். அவர் இழுத்துப் பார்த்திட்டு "சரி, போ" எண்டிட்டார்.

இனிக் கடலுக்கு வாறன். கசூரினா தெரிஞ்ச ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அலையும் இல்லை, ஆழமும் இல்லை. அண்டைக்குக் கடல் வத்தி வேற கிடந்தது. முதல் மிதவை வரைக்கும் முழங்கால் தண்ணி, பிறகு தொடை, மிஞ்சினா இடுப்பு. விசில் ஊதினதுதான் தாமதம், அரைவாசிச் சனம் கையை வீசி நடக்கத் துவங்கீட்டுது. "உதென்ன, கீரிமலைத் தீர்த்தமோ?" எண்டு கரையில நிண்ட ஐயா ஒராள் கேட்டது எனக்கே கேட்டது.

நடந்தது பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. எந்த முறையிலயும் நீந்தலாம், அடியில காலூண்டி நிக்கலாம், மிதவையைப் பிடிச்சு ஆறலாம் எண்டு ட்ரையத்லன் விதியிலயே இருக்கு. மிதவையை இழுத்து முன்னேறத்தான் ஏலாது. ஆனா நடந்தா லாபம் எண்டு நினைச்சவையில கனபேருக்கு அதின்ர விலை சைக்கிளில ஏறின பிறகுதான் தெரிஞ்சது. தொடை மட்டத் தண்ணியைத் தள்ளிக்கொண்டு போறதுக்குத் தொடையும் இடுப்பும்தான் வேலை செய்யுது. மிதிக்கவும் ஓடவும் வேண்டியதும் அதே தசைதான். நீந்தினா பாரம் தோளிலயும் முதுகிலயும் விழும், கால் மிச்சம். நான் செய்தது இதுதான்: தண்ணி முழங்கால் அளவெண்டாக் காலை உயர்த்தி ஓட்டம், அதுக்கு மேல வந்தா ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டிப் பாய்ஞ்சு, அடிமணலைப் பிடிச்சு, காலை ஊண்டித் திரும்பப் பாயிற டொல்பின் பாய்ச்சல், இடுப்புக்கு வந்தா நீச்சல்.

நேரா போறதும் ஒரு வித்தைதான். குளத்தில அடியில கோடு இருக்கும், இஞ்ச சாதாளை எண்ட கடற்செடியும் மணலும்தான். ஆறேழு கை போட்டிட்டு ஒருக்காக் கண்ணை மட்டும் தண்ணிக்கு மேல எடுத்து மிதவையைப் பார்க்கவேணும். தலையை முழுக்கத் தூக்கினா கால் கீழ தாண்டுபோகும். வெளிய போகேக்க நான் இடப்பக்கம் மூச்செடுத்தன், கோவளம் வெளிச்சவீடு அந்தப் பக்கம். அது தோளுக்கு நேர நிண்டா சரி, கண்ணுக்கு முன்னால வந்தா நான் கோணீட்டன்.

கரையேறிச் சைக்கிளுக்கு மாறுற இடத்திலதான் கன கூத்து. ஹெல்மெட்டைப் போட்டு வாரைப் பூட்டினாப் பிறகுதான் சைக்கிளில கை வைக்கலாம். கோடு தாண்டும் மட்டும் உருட்டிக்கொண்டுதான் ஓடவேணும், ஏறேலாது. பக்கத்தில ஒராள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார், ஹெல்மெட் துவாய்க்கு மேல அப்பிடியே கிடக்குது. திருப்பிக் கூப்பிட்டவை. நான் ஒரு துவாயை நிலத்தில விரிச்சு அதில ஏறி நிண்டு காலைத் துடைச்சிட்டு, பவுடர் போட்டு வைச்ச சப்பாத்துக்குள்ள காலை விட்டன். இந்த மணல் பொல்லாதது. விரலுக்கிடையில ஒரு பொட்டு இருந்தாலும் ஓட்டத்தில தோல் உரிச்சுப்போடும்.

சைக்கிள் வழி வலந்தலைச் சந்தியால போய்ப் பொன்னாலைப் பாலம் கடந்து திரும்புறது. ஊருக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. பாலத்தில ஏறினதும் ரெண்டு பக்கமும் கடல், மறைக்க ஒரு பனைகூட இல்லை, சோளகக் காத்துப் பக்கவாட்டில வந்து இடிக்குது. போகேக்க வலப்பக்கத்தால அடிச்சு றோட்டுக் கரைக்குத் தள்ளும். வரேக்க இடப்பக்கத்தால அடிச்சு நடு றோட்டுக்குத் தள்ளும். ரெண்டாவதுதான் பயம், எதிர வான் வரும். முன்னால போறவருக்குப் பின்னால ஒதுங்கிக் காத்தை மறைக்கவும் ஏலாது, இந்தப் போட்டியில அது விதிக்கு மாறு. இடைவெளி விடவேணும், இல்லாட்டி முந்திக்கொண்டு போகவேணும்.

ஓட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒண்டும் இல்லை. சைக்கிளால இறங்கின முதல் ஒரு கிலோமீற்றர் கால் என்ர கால் இல்லை. பிறகு வந்தது. ஏழரைக்கே வெயில் சுட்டுது. ஜீவனி உப்புத்தூள் கரைச்சுக் குடுத்த பிள்ளையளுக்குப் புண்ணியம். மொத்தமா ஒண்டேமுக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட.

சுழிபுரத்தாள்:

கொக்குவில் அண்ணா, நடந்த ஆக்களில நானும் ஒராள். முழுக்க நடக்கேல்ல, பாதி.

நான் நீந்தப் பழகினது கீரிமலையில, பொம்பிளையளின்ர கேணியில. அது ஆம்பிளையளின்ர மாதிரிப் பெரிசில்லை. நாலைஞ்சு கை போட்டாச் சுவர் வந்திடும். அதால எனக்குத் திரும்புறது வடிவா வரும், நேரா நூறு மீற்றர் நீந்தச் சொன்னா மூச்சு வாங்கும். கடலில போய்ப் பழகலாம்தானே எண்டு சொல்லுவியள். விடிய வெள்ளன ஒரு பொம்பிளைப்பிள்ளை தனியக் கடலுக்க இறங்கினாக் கரையில எத்தினை பேர் கூடுவினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே? உடுப்பும் ஒரு பாரம். நீட்டுக் கை ரீசேட்டும் கணுக்கால் மட்டும் லெகின்ஸும் போட்டுத்தான் இறங்கினனான். நனைஞ்ச ரீசேட் ஒவ்வொரு கைக்கும் பின்னுக்கு இழுத்தது. அடுத்த முறை உடம்போட ஒட்டின துணியில தைப்பிக்கப்போறன், பருத்தித் துணி தண்ணியைக் குடிச்சுக்கொண்டு நிக்குது.

ஆனாப் பாலத்தைப் பற்றி என்னைக் கேளுங்கோ. நான் படிப்பிக்கப் போய் வாறது அந்தப் பாலத்தாலதான், பள்ளிக்கூட நாளெல்லாம், சீலையோட. காத்து அடிக்கேக்கக் கைபிடியை இறுக்கக்கூடாது. இறுக்கினா ஒவ்வொரு அடியும் சில்லுக்குப் போய்ச் சேரும். முழங்கையை மடிச்சு, உடம்பைக் கொஞ்சம் குனிச்சு, காத்து வாற பக்கம் மெல்லச் சாய்ஞ்சு குடுக்கவேணும். வான் ஒண்டு கடக்கேக்கக் காத்து ஒரு கணம் மறைஞ்சு திரும்ப அடிக்கும், அந்த இடத்திலதான் ஆக்கள் விழுறது. பக்கத்தால பாத்தா அகலமான விளிம்புச் சில்லுப் போட்டு வந்த மூண்டு பேரை நான் பாலத்திலேயே கடந்தனான். பாய்மரம் மாதிரிச் சில்லை வைச்சுக்கொண்டு பாவங்கள் தள்ளாடிச்சினம். கடக்கேக்க ஒருத்தர் "அக்கா, பாத்து" எண்டார். நான் பாத்துத்தான் வந்தனான்.

தொண்டைமானாறு கரைவலை:

உங்கட கதையள் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கோவிக்காதேங்கோ, முழங்கால் தண்ணியில நடந்திட்டு நீச்சல் போட்டி எண்டு சொல்லக் கூச்சமா இல்லையோ? இது நவரத்தினசாமியின்ர மண். 1954 இல பாக்குநீரிணையை நீந்திக் கடந்த மனிசன், எங்கட தொண்டைமானாறு. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல இந்தியாவுக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்தவர். 1984 இல ஆங்கிலக் கால்வாயை நீந்தேக்க உயிரை விட்டவர். போட்டியை எங்கட பக்கம் கொண்டு வாங்கோ, கரையில இருந்து கொஞ்சத் தூரத்திலேயே நீந்த வைக்கிறம்.

அது கிடக்கட்டும். நடக்கப்போற ஆக்களுக்கு ஒரு விசயம். சாதாளைக்குள்ளயும் மணலுக்குள்ளயும் திருக்கை படுத்துக் கிடக்கும். காலைத் தூக்கித் தூக்கி வைச்சா ஒரு நாள் அதின்ர முதுகிலதான் வைப்பியள், வாலால அடிச்சா ஆசுப்பத்திரிதான். காலைத் தூக்காமல் மணலில அரைச்சு அரைச்சு நடவுங்கோ, அசுமாத்தம் கேட்டு அது தானே விலகிப் போகும். அந்த டொல்பின் பாய்ச்சலையும் தண்ணி தெளிவா இருக்கேக்க மட்டும் பாயுங்கோ அண்ணை, அடி தெரியாத இடத்தில கையையும் தலையையும் குடுக்கிற வேலை வேண்டாம்.

சொறி எண்ட ஜெலிமீன் பட்டா நல்ல தண்ணி ஊத்தாதேங்கோ, மணல் போட்டுத் தேய்க்காதேங்கோ. ரெண்டுமே மிச்ச நஞ்சையும் வெடிக்கப் பண்ணும். கடல் தண்ணியாலேயே கழுவிப்போட்டு ஒட்டியிருக்கிறதை மெல்ல எடுங்கோ. மூச்சு முட்டினா யோசிக்காமல் வைத்தியரிட்ட.

இன்னொண்டு. கடல்காரப் பெடியள் நல்லா நீந்துவாங்கள் எண்டு நம்பி என்ர மச்சான் ஒராளைப் பதிஞ்சு விட்டனான். தலையை வெளிய வைச்சு நீந்தித்தான் அவனுக்குப் பழக்கம், படகைப் பாக்கவேணும், வலையைப் பாக்கவேணும். ஒரு மணித்தியாலம் மிதக்கச் சொன்னா மிதப்பான். 750 மீற்றரை வேகமா எண்டால் கழுத்துப் பிடிச்சிட்டுது. கொக்குவிலான் சொன்ன அந்தக் கண்ணை மட்டும் எடுக்கிற வேலையை அவனுக்கு ஆரும் காட்டிக் குடுங்கோ. நான் சொன்னாக் கேக்கமாட்டான்.

வலந்தலைச் சந்தி:

நான் ஓடேல்லை, அறுபது தாண்டீட்டுது. பச்சை உடுப்புப் போட்டு, விசிலும் கொடியும் தந்து, சந்தியில நிக்க விட்டவை. வாகனத்தை மறிக்கிறது சுகம், தம்பிமார். மாட்டை மறிக்கிறதுதான் கஷ்டம். நாலு மாடு, ஒரு கண்டு. தாய் கடந்திட்டுது, கண்டு இஞ்சால நிக்குது, அந்த நேரம் பாத்து முன்னுக்கு வாற மூண்டு சைக்கிளும் வருது. கொடியைக் காட்டினன், விசில் ஊதினன், கண்டு என்னைப் பாக்குது. கடைசியில கண்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் கடந்தனான். அதையும் ஒரு பிரிவாச் சேருங்கோ.

அந்த லுமாலாப் பெடியனைப் பற்றி எழுதியிருந்தியள். அவன் எங்கட சந்தியைக் கடக்கேக்கக் கரியரில தண்ணிப் போத்தலை ரியூப்பால கட்டி வைச்சிருந்தான். நடுவில ஒராள் ரயர் வெடிச்சு நிக்க, இவன் நிண்டு காத்துப் பம்பைக் குடுத்திட்டு "பிறகு தாங்கோ" எண்டிட்டுப் போனவன். ஆரிட்ட எந்த உதவி வாங்கலாம் எண்டதுக்கும் விதி இருக்காமே? என்ன விதியோ, நான் பாக்கேல்ல எண்டு வையுங்கோ.

ரொறன்ரோ மருமகன்:

லீவில வந்து இதில ஓடினனான். எங்கட பக்கம் ஏரியில, கோடையின்ர தொடக்கத்தில தண்ணி கைகால் விறைக்கிற குளிர். ரப்பர் உடுப்புப் போடாமல் இறங்கேலாது. அந்த உடுப்பு ஆளை மிதக்க வைக்கும், நீச்சல் குறைஞ்ச என்னைப் போல ஆக்களுக்கு அது பெரிய கைகுடுப்பு. தண்ணி 22 பாகைக்கு மேல போனா எங்கட பிரிவில அதைப் போட விடமாட்டினம். கசூரினாவில சூடு அதைவிட எவ்வளவோ மேல. அதால நான் ஊரில முதல் முறையா வெறும் உடம்பை நம்பி நீந்தினனான். கால் தாண்டுகொண்டு போனது. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், இடையில எழும்பி நிண்டு நடந்தனான். சுழிபுரம் அக்கா என்னைக் கடந்து நீந்திக்கொண்டு போனா.

கரைவலை அண்ணை, வல்வெட்டித்துறைப் பக்கம் வைக்கிறதெண்டா வையுங்கோ. ஆனா முதல் தடவை வாறவைக்கு ஆழம் குறைஞ்ச கடல் ஒரு தைரியம். என்ர அம்மா கரையில நிண்டு பாத்தவா. "நிண்டாக் கால் முட்டும்தானே" எண்டு கேட்டுத்தான் விட்டவா.

கொக்குவிலான்:

கரைவலை, உங்கட மச்சானைக் கீரிமலைக்கு அனுப்புங்கோ. ஞாயிறு விடிய ஐஞ்சரைக்கு நாங்கள் சில பேர் போறனாங்கள், கேணியில கொஞ்சம், பிறகு காங்கேசன்துறை றோட்டால சைக்கிள், இறங்கின கையோட பதினைஞ்சு நிமிச ஓட்டம். அந்த அந்நியக் கால் பழகிறதுக்கு இதைவிட வேற வழி எனக்குத் தெரியேல்லை. சுழிபுரம் தங்கச்சி, உங்களோட சேர்ந்து வரக்கூடிய பொம்பிளைப்பிள்ளையள் மூண்டு நாலு பேர் இருந்தாச் சொல்லுங்கோ. என்ர மனிசியும் வரக் கேக்கிறா, தனிய எண்டா மாட்டாவாம். அந்த லுமாலாத் தம்பி ஆர் எண்டு தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ, பம்ப் வாங்கினவர் என்னோட வேலை செய்யிறவர். அது இன்னும் அவற்ற மேசைக்குக் கீழதான் கிடக்குது.