ஆறு மில்லிமீட்டர் படைகளுக்குக் காந்தம்: அடித்தட்டிலா, பெட்டியிலா?

கயத்தாற்றுச்சாலை:
அனைவருக்கும் வணக்கம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய சண்டையைச் சிறு பொம்மை வீரர்களை வைத்து மேசையில் ஆடுவதற்காக, இரு தரப்புப் படைகளையும் ஆறு மில்லிமீட்டர் அளவில் (ஒரு வீரர் ஏறக்குறைய அவ்வளவே உயரம்) வண்ணம் தீட்டி வருகிறேன். 60க்கு 30 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அடித்தட்டுகளில் பாளையக்காரரின் ஈட்டி வீரர்களை நெருக்கமாகவும், கும்பினிச் சிப்பாய்களை இரண்டு வரிசையாகவும் ஒட்டியிருக்கிறேன். ஆட்டம் பெரும்பாலும் மதுரையில் நடப்பதால் பேருந்தில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டியில் பஞ்சு வைத்தால் ஈட்டிகள் அதில் சிக்கி வளைகின்றன; பஞ்சை எடுத்துவிட்டால் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சாயம் உரிகிறது. காந்தம் வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அதை அடித்தட்டில் ஒட்டிப் பெட்டியில் இரும்பு வைப்பதா, அடித்தட்டில் இரும்பை ஒட்டிப் பெட்டியில் காந்தம் வைப்பதா என்பதில்தான் குழப்பம். பொத்தான் காந்தமா, காந்தத் தாளா என்பதையும் அனுபவம் உள்ள அண்ணாச்சிமார் சொன்னால் நல்லது.

பொருநைக்கரை:
தம்பி, ஆறு மில்லிமீட்டருக்குக் காந்தத் தாளே போதும். நியோடிமியம் பொத்தான் காந்தம் இந்த அளவுக்கு மிகையான வலிமை கொண்டது. பெட்டியிலிருந்து தட்டைப் பிடுங்கும்போது விரல் தானாக வீரர்களைப் பற்றிக்கொள்ளும். தட்டு வராது, நான்கு பேர் கையோடு வந்துவிடுவார்கள். பின்பக்கம் பசை பூசிய, முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் காந்தத் தாளை வாங்கி, தட்டின் அளவுக்குக் கத்தரித்து அடியில் ஒட்டுங்கள். விளம்பரப் பலகை அச்சிடும் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

பெட்டிக்குள் 26 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரத்தை வெட்டிப் போடுங்கள். அது சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான், ஆனாலும் பிடிப்பு நன்றாக இருக்கும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத் துண்டைக் கையோடு கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் அலுமினியத் தகட்டைத் தகரம் என்று நினைத்து வாங்கி வருவோர் உண்டு. எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் ஒட்டக்கூடாது என்று பார்ப்பது நம் வீட்டு வழக்கம்; நமக்கு இங்கே ஒட்டுகிற ரகம்தான் வேண்டும். நல்ல பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தட்டின் சமதளம். எம்டிஎஃப் பலகையின் மேல்புறம் மட்டும் ஃபெவிகாலும் மணலும் பூசினால், ஈரம் காய்கிறபோது அந்தப் பக்கம் சுருங்கிப் பலகை வளைந்துவிடும். வளைந்த தட்டு தகரத்தை இரண்டு ஓரங்களில் மட்டுமே தொடும். காந்தத் தாளின் இழுவை இடைவெளி கூடக்கூட மிக வேகமாகக் குறைந்துவிடுவதால், கண்ணுக்குத் தெரியாத வளைவே பிடிப்பைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே முதலில் இரு பக்கமும் ஒரு பூச்சு வண்ணம் அடித்து, மேல்வேலை முடிந்து நன்கு காய்ந்த பிறகு கனமான புத்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்து, கடைசியாகக் காந்தத் தாளை ஒட்டுங்கள். தகரத்தின் மேல் அழகுக்காகத் தாளோ துணியோ ஒட்ட வேண்டாம்.

தேரிக்காடு:
அண்ணாச்சி சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் நான் முற்றிலும் மாற்றித்தான் செய்கிறேன்: அடித்தட்டில் மெல்லிய தகரம், பெட்டியில் காந்தத் தாள். காரணம் நம் மண். தேரியின் செம்மணலையோ கடற்கரை மணலையோ தட்டின் மேல் தூவுகிறவர்கள் உற்றுப் பார்த்தால், அதில் மிளகுத்தூள் போலக் கரிய துகள்கள் கலந்திருப்பதைக் காண்பார்கள். நம் கரையோர மணலில் தாராளமாகக் கிடைக்கும் இல்மனைட் முதலிய இரும்புக் கனிமங்கள் அவை. அடியில் பொத்தான் காந்தம் இருந்தால் அந்தத் துகள்கள் அதைச் சுற்றி முள்ளாக ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் எளிதில் போகாது. ஒன்றிரண்டு தங்கிவிட்டால் தட்டு தகரத்தின் மேல் ஆடும். காந்தத் தாளுக்கு இழுவை குறைவு என்பதால் தொல்லையும் குறைவுதான், ஆனால் மேசையில் மணல் பரப்பி ஆடுகிற இடங்களில் அதுவும் அழுக்கை வாரிக்கொள்கிறது.

காந்தம் ஒட்டிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவோ அருகருகேயோ வைத்தால் அவை தாமாக நகர்ந்து ஒட்டிக்கொள்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. தகரம் ஒட்டிய தட்டில் அந்த வம்பு இல்லை. ஒரு குறை உண்டு: வெட்டிய தகரத்தின் ஓரம் கையைக் கிழிக்கும். தட்டைவிட ஒரு மில்லிமீட்டர் சிறியதாக வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, அரால்டைட் எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். ஃபெவிக்விக் வைத்து ஒட்டியது அடி வாங்கினால் தெறித்துப் போகும்.

பொருநைக்கரை:
மணல் விஷயம் நியாயம்தான். நான் மேல்பூச்சுக்கு ஆற்று மணலை நன்றாகச் சலித்து, முதலில் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் ஓட்டிக் கரும்பொடியை எடுத்துவிடுகிறேன். ஆனாலும் நூறு தட்டுக்குத் தகரம் வெட்டுவதைவிடக் காந்தத் தாளைக் கத்தரிப்பது பத்தில் ஒரு பங்கு வேலை என்பதே என் கட்சி.

மணிமுத்தாறு:
கட்சி எதுவானாலும், பேருந்துப் பயணத்தில் காந்தம் மேலே தூக்குவதை எதிர்ப்பது போலப் பக்கவாட்டில் நழுவுவதை எதிர்ப்பதில்லை. சாயம் பூசிய வழவழப்பான தகரத்தில் இது நன்றாகத் தெரியும். எனவே தட்டுகளை வரிசைக்கு வரிசை இடைவெளியின்றி நெருக்கி வைத்து, கடைசி வரிசைக்கு முட்டுக்கொடுக்க ஒரு மரக்குச்சியைத் தகரத்தில் ஒட்டிவிடுங்கள்.

இன்னொன்று. உருவங்கள் ஈயம் கலந்த பழைய வார்ப்பாக இருந்தால், அவற்றை எம்டிஎஃப் பெட்டியிலோ மர அலமாரியிலோ காற்றுப் புகாமல் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். பலகையிலிருந்து வெளிவரும் அமில ஆவியும் மழைக்கால ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். தகரப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. காந்தத்துக்கும் அதுவே வசதி.

கயத்தாற்றுச்சாலை:
அக்கா, இரு அண்ணாச்சிமாருக்கும் நன்றி. காந்தத் தாளை அடியில் ஒட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். கோட்டையைச் சுற்றி நிற்கும் பனைமரங்கள்தான் மிச்சம். அவை வீரர்களைவிட ஐந்தாறு மடங்கு உயரம் என்பதால் பெட்டியின் மூடி இறங்க மறுக்கிறது.

மணிமுத்தாறு:
பொத்தான் காந்தத்துக்கு வேலை அங்கேதான். மூன்று மில்லிமீட்டர் காந்தத்தைத் தட்டில் துளையிட்டுப் பதித்து, பனையின் அடியில் ஒரு குண்டூசித் தலையை ஒட்டிவிட்டால், மரத்தைக் கழற்றித் தனியே படுக்கவைக்கலாம். ஒரு பக்கம் இரும்பாக இருப்பதால் வட தென் முனை பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் உதிரிக் காந்தங்களை அவர்கள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.