பதிமூணுக்குப் பதிமூணு ஜெயிச்சும் அஞ்சாவது இடமா?

குழு: பாளையங்கோட்டை வீடு

3 டிசம்பர் 2023, ஞாயிறு

கார்த்தி (ஜாக்சன்வில்): பாத்தீங்களா அநியாயத்த! அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃப்புக்கு எடுத்த நாலு டீம்: மிஷிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா. எங்க ஃப்ளோரிடா ஸ்டேட் அஞ்சாவதாம்.

கார்த்தி: ஆடின பதிமூணும் ஜெயிச்சாச்சு. கான்ஃபரன்ஸ், அதான் எங்க பிரிவு லீக், அந்தக் கப்பும் வாங்கியாச்சு. இன்னும் என்னதான் பண்ணணும்?

பிரியா (ஹன்ட்ஸ்வில்): எங்க அலபாமா உள்ள! ரோல் டைட் 🐘🐘🐘

கார்த்தி: அக்கா, இப்ப வேண்டாம். சொல்லிட்டேன்.

பெரியப்பா: ஏல கார்த்தி, இங்க பிரியா வீட்டுல ஒரே கூச்சல். மருமவன் சோஃபா மேல ஏறி நிக்காரு. என்னல நடந்துச்சு?

கார்த்தி: பெரியப்பா, காலேஜ் ஃபுட்பால் மேல்மட்டத்துல மட்டும் 133 டீம். லீக்ல ஆளுக்கு 12 மேட்ச்தான், எல்லாரும் எல்லாரோடயும் மோத முடியாது. அதனால 13 பேர் கமிட்டி ஒண்ணு டல்லாஸ் பக்கம் ஹோட்டல்ல உக்காந்து நாலு டீமைப் பொறுக்கும். அந்த நாலுல ஒண்ணுதான் சாம்பியன்.

பெரியப்பா: பாயின்ட் டேபிள் கிடையாதா? நம்ம ஊரு கபடிக்கே உண்டுல்லா!

செந்தில் (ஆஸ்டின்): பெரியப்பா, இவன் பாதியத்தான் சொல்லுதான். இவங்க குவாட்டர்பேக், அதாவது பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துற ஆள், ஜோர்டன் ட்ராவிஸுக்கு நவம்பர் 18 கால் உடைஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அது வேற டீம். கமிட்டித் தலைவரும் அதையேதான் சொன்னாரு.

கார்த்தி: வேற டீமா? அந்த வேற டீம்தான் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி டீமை அவங்க ஊருலயே போய் 24-15 அடிச்சுது. நேத்து லூயிவில் டீமை 16-6. ரெண்டாவது ஆளுக்கும் தலையில அடி, மூணாவது குவாட்டர்பேக், ஃபர்ஸ்ட் இயர் பையன் ஆடினான்.

பிரியா: அந்தப் பையன் மொத்தம் எத்தனை யார்டு எறிஞ்சான்? அதையும் சொல்லு.

கார்த்தி: 55

பிரியா: 😂😂

கார்த்தி: அக்கா, எறிஞ்ச யார்டுக்கா கப்பு குடுக்காங்க? டிஃபென்ஸ் ஜெயிச்சுக் குடுத்துச்சுல்ல. லூயிவில்லால ஒரு டச்டவுன் கூட போட முடியல.

செந்தில்: கமிட்டி விதியிலயே இருக்குடா. முக்கியமான ஆள் இல்லேன்னா அதையும் கணக்குல எடுத்துக்கலாம்னு.

கார்த்தி: சரிண்ணே. 2014ல ஒஹாயோ ஸ்டேட்டுக்கு என்ன ஆச்சு? ரெண்டு குவாட்டர்பேக் காலி. மூணாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ். அவங்கள நாலாவதா உள்ள விட்டாங்க, கப்பையே தூக்கிட்டுப் போனாங்க. அதுவும் அரையிறுதில அலபாமாவத் தோக்கடிச்சு!

பிரியா: அந்த மூணாவது ஆள் வந்த மொத மேட்ச்லயே விஸ்கான்சின 59-0 அடிச்சாங்க தம்பி. 16-6 இல்ல.

கார்த்தி: 🤐

பெரியப்பா: பிரியா, அலபாமா எத்தனை தோத்துச்சு?

பிரியா: ஒண்ணே ஒண்ணுப்பா.

செந்தில்: யாருகிட்ட தோத்தீங்கன்னும் சொல்லுங்கக்கா. செப்டம்பர்ல உங்க ஊரு டஸ்கலூசாவுக்கே வந்து 34-24. எங்க டெக்சஸ்தான் 🤘

பிரியா: நீங்க ஓக்லஹோமாகிட்ட தோத்தத நான் சொன்னேனா?

செந்தில்: கார்த்தி, கோபப்படாம கேளு. நேத்து அட்லாண்டால ஜார்ஜியா ஜெயிச்சிருந்தா நீ உள்ள, நாங்க ரெண்டு பேரும் வெளிய. அவங்க 29 மேட்ச் தொடர்ச்சியா ஜெயிச்சுட்டு நேத்துப் பாத்து அலபாமாகிட்ட 27-24 தோத்துட்டாங்க. எஸ்இசிங்குற பெரிய கான்ஃபரன்ஸோட சாம்பியன வெளிய நிறுத்த கமிட்டிக்கு மனசு வராது. அலபாமாவ உள்ள விட்டா, அவங்கள அவங்க மைதானத்துலயே அடிச்ச எங்கள விட முடியாது. மிஷிகனும் வாஷிங்டனும் தோக்கவே இல்ல. மிச்சம் யாரு?

கார்த்தி: நாங்களும்தான் தோக்கல! அதத்தானே காலையிலேருந்து சொல்லுதேன்.

கார்த்தி: போன வாரம் நாங்க நாலாவது, அலபாமா எட்டாவது. நாங்களும் ஜெயிச்சோம், அவங்களும் ஜெயிச்சாங்க. எட்டு நாலாச்சு, நாலு அஞ்சாச்சு. இது என்ன கணக்கு?

பிரியா: நம்பர் ஒன் ஜார்ஜியாவ அடிச்சோம்டா.

கார்த்தி: அதுக்கு முந்தின வாரம் ஆபர்ன்ட்ட என்ன ஆச்சு? கடைசி நிமிஷம், நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 31 யார்டு போகணும். உங்க குவாட்டர்பேக் மில்ரோ கண்ண மூடிட்டு எறிஞ்சது ஐசையா பாண்ட் கையில போய் விழுந்துச்சு. அது மட்டும் விழலேன்னா இன்னைக்கு நீங்க பேசவே மாட்டீங்க.

பிரியா: கண்ண மூடிட்டு எறியல. அது ப்ராக்டிஸ்.

செந்தில்: 🤣

பெரியப்பா: எனக்கு ஒண்ணு புரியல. நல்லா ஆடுற டீம் வேணுமா, ஜெயிச்ச டீம் வேணுமா? ரெண்டும் வேற வேறயா?

கார்த்தி: பெரியப்பா, சண்டையே அதுதான்! இனிமே யாரு ஜெயிப்பாங்கன்னு யூகம் பண்ணித்தான் எடுக்காங்க. அப்போ செப்டம்பர்லேருந்து எதுக்கு ஆடணும்? கமிட்டியே ஹோட்டல்ல உக்காந்து எல்லா மேட்சையும் யூகம் பண்ணிரலாம்லா.

கார்த்தி: இதுவரைக்கும் பெரிய கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஒண்ணு கூடத் தோக்காம இருந்து ப்ளேஆஃப்ல இடம் கிடைக்காம போனதில்ல. நாங்கதான் மொத ஆளு. ட்ராவிஸ் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? என் கால் இன்னும் முன்னாடியே உடைஞ்சிருந்தா, நான் இல்லாமலே இந்த டீம் என்னன்னு எல்லாரும் பாத்திருப்பீங்களேன்னு.

பிரியா: அதப் படிச்சேன்டா. பாவமாத்தான் இருந்துச்சு.

பிரியா: ஆனாலும் ரோல் டைட்.

பெரியப்பா: என்ன கேட்டா கார்த்தி சொல்லுதது நியாயம். தோக்காதவன வெளிய நிறுத்தப்படாது. இங்க மெதுவாத்தான் சொல்லணும், மருமவன் பக்கத்துல இருக்காரு.

பிரியா: அப்பா, அவரும் இந்த குரூப்லதான் இருக்காரு 🙄

செந்தில்: அடுத்த வருஷத்துலேருந்து 12 டீம் பெரியப்பா. இந்தச் சண்டை இருக்காது.

பெரியப்பா: 13வது ஆளு சண்டைக்கு வருவாம்லா.

30 டிசம்பர் 2023, சனி

செந்தில்: ஆரஞ்ச் பௌல் (ப்ளேஆஃப்ல சேராத மேட்ச்): ஜார்ஜியா 63, ஃப்ளோரிடா ஸ்டேட் 3.

பிரியா: கமிட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு போல 😇

கார்த்தி: அக்கா, இருபது பேருக்கு மேல ஆடவே வரல. இடமே இல்லேன்னதும் பாதிப் பேர் ப்ரொஃபஷனல் லீக் என்எஃப்எல் பாத்துப் போயாச்சு, சில பேர் வேற காலேஜுக்கே மாறியாச்சு. லூயிவில்ல அடிச்ச டீமா இது? இத வச்சு அதுக்குத் தீர்ப்பு சொல்லாதீங்க.

பிரியா: சரி சரி. சாப்பிட்டியா?

கார்த்தி: இல்ல.

1 ஜனவரி 2024, திங்கள்

கார்த்தி: மிஷிகன் 27, அலபாமா 20. ஓவர்டைம். கடைசி பந்து, மூணு யார்டு, மில்ரோ நேரா முட்டினான், அங்கேயே அமுக்கிட்டாங்க. ஹேப்பி நியூ இயர் அக்கா 🎉

கார்த்தி: பிரியா குழுவின் அறிவிப்புகளை நிறுத்திட்டான்னு அத்தான் சொல்லுதாரு 😂

பெரியப்பா: ஏல, அக்காவ அவ இவன்னு எழுதாத.

கார்த்தி: அத்தான் சொன்னத அப்படியே போட்டேன் பெரியப்பா.

செந்தில்: எங்களதும் போச்சு. வாஷிங்டன் 37-31.

பெரியப்பா: அப்போ மூணு பேரும் காலி. எட்டாந்தேதி ஃபைனல் எங்க?

செந்தில்: ஹூஸ்டன். டெக்சஸ் வந்துரும்னு ரூம் போட்டு வச்சிருக்கேன் பெரியப்பா. கேன்சல் பண்ணினா பைசா வராது.

கார்த்தி: மிஷிகன்காரன் எவனாவது கேப்பான், ரெண்டு மடங்கு விலைக்கு வித்துருண்ணே.

பிரியா: நான் எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் இருக்கேன்.